காப்பு அறுத்த மத்தியானம்

என் மகளின் தலைக்குள் வளர்ந்த கட்டியை மாரியம்மன் என்று சொல்லி, ஒரு வருஷம் ஊரை அவள் காலில் விழ வைத்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அதற்குள் பாதிப் பேர் எனக்காக உச்சுக்கொட்டி முடித்திருப்பீர்கள். எனக்கு அது வேண்டாம்.

கோவில் திருவிழா மலரில் போட ஆளுக்கொரு அனுபவம் சொல்லச் சொன்னார்கள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட வாத்தியார் எழுதுகிறார். திட்டுகிற இடங்களை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார். அப்படியானால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இப்போது அப்படியே எழுதுகிறார்.

என் பெயர் பேச்சியம்மாள். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். என் வீட்டுக்காரர் மரம் வெட்டும்போது மரம் சாய்ந்து போய்ச் சேர்ந்தார். அப்போது என் மகள் முத்துலட்சுமிக்கு ஆறு வயது. அன்றிலிருந்து, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் என் இடம் பின்பக்கம் அடுப்படிதான். வெங்காயம் உரிக்கலாம், அண்டா கழுவலாம். மணவறைப் பக்கம் தலை நீட்டினால், "பேச்சி, அந்தப் பக்கம் சோத்துப் பானையப் பாரேன்" என்று இனிக்க இனிக்கச் சொல்லி அனுப்புவார்கள். முளைப்பாரியை நான் தொடக் கூடாது. பத்து வருஷத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்ச நேரத்தில் தெரியும்.

எமர்ஜென்சி வந்ததற்கு முந்தின வருஷம், ஐப்பசி மாதம். முத்துலட்சுமிக்குப் பதினேழு வயது. என்னோடு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது.

"எம்மா, கற்பூரம் கருகுற வாசம் வருதும்மா" என்றாள்.

அந்தச் சரிவில் ஏது கற்பூரம்? திரும்பிப் பார்த்தால், கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கிறது. வாய் எதையோ மெல்லுகிறது. கை வெறும் காற்றில் கொழுந்து கிள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் முழித்து, "இது முன்னமே நடந்துச்சு. இங்கனதான் நின்னோம். இப்படித்தான் நீ பாத்த" என்றாள். உடம்பெல்லாம் வேர்வை.

அன்று மத்தியானம் எங்கள் வரிசையில் இருந்த ராசாத்தி வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். மழைக்காலத்தில் அந்தச் சரிவில் வாரத்துக்கு ஒருத்தி விழுவாள்தான். ஆனால் சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. "பேச்சி மக காலையிலேயே சொன்னாளாமே, முன்னமே தெரியும்னு!" என்று ஒருத்தி சொன்னாள். அப்படி அவள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. பெற்றவளுக்கு முதல் பெருமை அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

அடுத்த சித்திரைத் திருவிழாவில் உருமி அடித்தபோது முத்துலட்சுமி தடாலென்று விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. பொம்பளைகள் குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். "ஆத்தா வந்துட்டா! சின்னப் பிள்ள மேல எறங்கிட்டா!" என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. அப்போது யாரோ எனக்குப் பாய் விரித்தார்கள். சாமிக்கு நேர் எதிரே, முன்வரிசையில். "நீ உக்காரு பேச்சி. ஆத்தாளப் பெத்தவ நீ" என்றார்கள்.

அந்தப் பாயில் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் பிள்ளையின் நாக்கில் ரத்தம் கசிந்ததை அந்தப் பாயில் உட்கார்ந்துகொண்டுதான் பார்த்தேன்.

பிறகு செவ்வாயும் வெள்ளியும் எங்கள் லயத்து வாசலில் கூட்டம். பூப்பாறையிலிருந்துகூட வந்தார்கள். காணாமல் போன மாடு, தள்ளிப்போகும் கல்யாணம், பிள்ளையில்லாத வயிறு. வலிப்பு வந்து தெளிகிற நேரத்தில் முத்துலட்சுமி குழறுவாள். "கதவு... கதவு சாத்து..." என்பாள். நான் பக்கத்தில் இருந்து அதற்கு அர்த்தம் சொல்வேன். "வடக்குப் பக்கம் போகாதீங்கன்னு ஆத்தா சொல்லுதா." என்ன தைரியம் எனக்கு! ஆத்தா தானாக வராத நாளில் வரவழைக்கவும் கற்றுக்கொண்டேன். முந்தின நாளிலிருந்து பிள்ளையைப் பட்டினி போடுவேன். தூங்க விட மாட்டேன். உருமிக்காரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் அடிக்கச் சொல்வேன். பசியும் தூக்கமில்லாததும்தான் வலிப்பைக் கூட்டும் என்று பின்னால் டாக்டர் சொன்னபோது, எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எஸ்டேட் டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் மலையாளத்துக்காரர். அவர் ஒருமுறை வாசலில் நின்று பார்த்துவிட்டு மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சியம்மா, இது தெய்வமல்ல. அபஸ்மாரம். வலிப்பு. இந்த மாத்திரை டெய்லி கொடுக்கணும். நிறுத்தக் கூடாது, கேட்டோ" என்றார். "பெரிய ஆஸ்பத்திரியில் தலை ஒண்ணு பார்க்கணும்."

பத்து நாள் கொடுத்தேன். வலிப்பு வரவில்லை. முத்துலட்சுமி நன்றாகத் தூங்கினாள். "தல லேசா இருக்கும்மா" என்று சிரித்தாள். அந்த வெள்ளிக்கிழமை வந்தவர்கள் ஆத்தா வராமல் திரும்பிப் போனார்கள். ஒருத்தி போகிற போக்கில் முகத்தைச் சுளித்தாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அம்மை போட்ட வீட்டில் மருந்து கூடாது. அம்மன் உடம்பில் இருக்கும்போது மாத்திரை கொடுத்தால், வந்த தாயைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது போல. அந்த வழக்கத்தை இழுத்து இதற்கும் போர்த்தினேன். மிச்ச மாத்திரையை ஓடையில் கொட்டிவிட்டேன்.

"எம்மா, அந்த மாத்திரையக் குடும்மா. வலிக்குதும்மா" என்று கேட்டாள்.

"ஆத்தா கோவிச்சுக்கிடுவாடி. வேப்பிலையக் கடிச்சுக்கிட்டுப் படு" என்றேன்.

அந்த வருஷம் மார்கழியில் ஆரம்பித்தது தலைவலி. விடியும்போதே வலியோடுதான் எழுந்திருப்பாள். எழுந்ததும் வாந்தி. பிறகு வேலைக்குப் போய்விடுவாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நிற்கிற இடத்தில் பொம்பளைகள் என்னையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கல்யாணமாகாத பெண் காலையில் வாந்தி எடுத்தால் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அடித்தேன். விளக்குமாற்றால் அடித்தேன். "யாருடி அவன்?" என்று கேட்டுக் கேட்டு அடித்தேன். ஆத்தா என்று கையெடுத்துக் கும்பிட்ட அதே உடம்பு! அவள் அழவில்லை. "எனக்குத் தலைதாம்மா வலிக்குது" என்று மட்டும் சொன்னாள். முழுகாமல் இல்லை என்று மாதவிலக்கு வந்ததும் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு முட்டை அவித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

மாசியில் வலது கை தளர்ந்தது. எடுத்த கொழுந்து கூடைக்குப் போகாமல் கீழே சிந்தும். பேச்சும் தடுமாறியது. தண்ணீர் வேண்டுமென்றால் "கத்தி கொடு" என்பாள். பிறகு அவளே தலையை ஆட்டி, "இல்ல, அது... அது..." என்று சொல் கிடைக்காமல் தவிப்பாள். அதற்கும் ஊர் ஒரு அர்த்தம் கண்டுபிடித்தது. ஆத்தா கத்தி கேட்கிறாளாம், கிடா வெட்டச் சொல்கிறாளாம். வெட்டினார்கள்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. சொன்னார் ஒருவர். நம் கோவில் பூசாரி, சுப்பையா அண்ணன். வருஷா வருஷம் கரகம் எடுத்து ஆடுகிறவர் அவர்தான். பங்குனியில் ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில் என்னை நிறுத்தினார்.

"பேச்சி, நான் இருவது வருசமா ஆடுதேன். ஆத்தா வந்து போனா ஒடம்பு பஞ்சு மாதிரி லேசாயிரும். நாக்கக் கடிச்சு ரத்தம் வர வைக்க மாட்டா. சேலையிலேயே ஒண்ணுக்குப் போக வைக்க மாட்டா. ஒம் பிள்ள ஒரு நா வந்தா ரெண்டு நா எந்திரிக்க மாட்டேங்கா. இது ஆத்தா இல்ல. எங்கயாச்சும் கொண்டு போய்க் காட்டு."

நான் அவரை என்ன கேட்டேன் தெரியுமா? வாத்தியாரே, எழுதுங்கள். "ஒமக்கு வயித்தெரிச்சல்யா. ஒம்ம மேல வர்றவ எம் பிள்ள மேல வந்துட்டாளேன்னு பொச்சரிப்பு. போம், போய் உண்டியலக் கட்டிக்கிட்டு அழும்" என்று கத்தினேன். மண்ணை வாரித் தூற்றினேன். வயதில் மூத்தவர் மேல். அவர் வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

சித்திரைத் திருவிழா வந்தது. காப்புக் கட்டினார்கள். எங்கள் கோவிலில் காப்புக் கட்டினால் மஞ்சள் நீராட்டு முடிகிற வரை எஸ்டேட் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டினவன் குடும்பம் விளங்காது என்பார்கள். எனக்கும் முத்துலட்சுமிக்கும் கையில் காப்புக் கயிறு இருந்தது.

மூன்றாம் நாள் உச்சி வெயில். உருமி தொடங்கவே இல்லை. கோவில் வாசலில் நின்றவள் விழுந்தாள். வழக்கமாகக் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. நின்றது போல இருந்து மறுபடி இழுத்தது. மறுபடி. முகம் நீலமாகிவிட்டது. குலவை போட்டவர்கள் ஒவ்வொருத்தியாக வாயை மூடினார்கள். உருமிக்காரன் குச்சியைக் கீழே வைத்துவிட்டான். என் பிள்ளை மட்டும் மண்ணில் துடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நான் என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கும்பிட்டேன். அதுவரை கும்பிட்டதெல்லாம் ஊர் பார்க்கக் கும்பிட்டது.

"தாயே, நீயா இருந்தா எறங்கிப் போயிரு. எனக்குப் பாயும் வேண்டாம், முன்வரிசையும் வேண்டாம். நான் காலம் முச்சூடும் அண்டா கழுவுதேன். நீ இல்லையின்னா, இது என்னன்னு எனக்குக் காட்டு. எம் பிள்ளயக் குடுத்துரு" என்று வாய்விட்டுக் கதறினேன். சன்னதியில் மணி அடிக்கவில்லை. பூ விழவில்லை. பல்லி கூடச் சொல்லவில்லை. அம்மன் கண்ணை முழித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சுப்பையா அண்ணன் தலையில் இருந்த கரகத்தை இறக்கி வைத்தார். பாதித் திருவிழாவில் கரகத்தை இறக்கி நான் பார்த்ததில்லை. கூட்டம் "ஐயோ" என்றது. அவர் மேல் அருள் எதுவும் இல்லை. வெறும் மனுஷனாக, நெற்றிக் குங்குமம் வேர்வையில் வழிய, என் மகள் பக்கத்தில் மண்டி போட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கம்பவுண்டருக்கு ஆள் ஓடியது. அவர் வந்து ஊசி போட்டார். வலிப்பு கொஞ்சம் தணிந்தது.

"ஃபேக்டரியில் போடிக்குப் போகிற லாரி நிற்குது. இப்பவே ஏத்தணும். இல்லெங்கில் பிள்ள கிட்டாது" என்றார் கம்பவுண்டர்.

அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "காப்புக் கட்டியிருக்கே. எல்லை தாண்டக் கூடாதே."

செருப்பால் அடித்திருக்க வேண்டும் என்னை. சுப்பையா அண்ணன் அடிக்கவில்லை. கிடா வெட்ட வைத்திருந்த அரிவாளை எடுத்தார். முத்துலட்சுமி கையில் இருந்த காப்பை அறுத்தார். என் கையைப் பிடித்து அதையும் அறுத்தார். பிறகு தன் கையை நீட்டித் தன் காப்பையும் அறுத்தார்.

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும். ஏறு லாரியில!" என்று கத்தினார்.

தலைமாட்டில் அவர் உட்கார, கால்மாட்டில் நான். தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே போடிமெட்டு வளைவுகளில் இறங்கினோம். எல்லையைத் தாண்டும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை.

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மெட்ராஸில் மண்டையை எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்து ரத்தக் குழாயில் மருந்து ஏற்றி இன்னொரு படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து என்னைக் கூப்பிட்டார். இடது காதுக்கு மேல் சுண்ணாம்பு சிந்தியது போல வெள்ளைப் பொட்டுகள். மலைக்காரி, படிக்காதவள் என்று தள்ளாமல் உட்கார வைத்துச் சொன்னார். அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

"மூளையில நினைக்கிறதுக்கும் பேசுறதுக்கும் சில செல்கள் இருக்கும்மா. அதைச் சுத்தி இன்னொரு வகை செல் இருக்கு. அது நினைக்கிற செல்லைத் தாங்கிப் பிடிக்கும், அதுக்குச் சத்து வாங்கிக் கொடுக்கும், பார்த்துக்கும். கிளியல் செல்னு பேரு. அதுலேர்ந்து முளைச்ச கட்டி இது. கிளையோமான்னு சொல்வோம்."

"பாத்துக்கிட வேண்டியதேவா கட்டியாச்சு?" என்று கேட்டேன்.

"ஆமா. அது கணக்கில்லாமப் பெருகிடுச்சு. ஏன்னு எங்களுக்கும் தெரியாது."

எனக்கு விளங்கிவிட்டது. பார்த்துக்கொள்ள வேண்டியவளே கெடுக்கிற கதையை எனக்கு எந்த டாக்டரும் விளக்க வேண்டியதில்லை.

கற்பூர வாசத்தையும் கேட்டேன். அந்த இடத்தில்தான் வாசனையும் ஞாபகமும் இருக்கிறதாம். கட்டி உரசும்போது இல்லாத வாசம் வருமாம். நடக்காதது முன்னமே நடந்தது போலத் தோன்றுமாம். அதை வைத்துத்தான் நான் குறி சொல்ல வைத்திருக்கிறேன். அது மெதுவாக வளர்கிற சாதிக் கட்டி என்றார். ஆனால் அதற்கு ஓரம் கிடையாது, தேயிலைச் செடிக்குள் ஓடின அருகம்புல் வேர் மாதிரி நல்ல மூளைக்குள் ஓடியிருக்கும், முழுக்கப் பிடுங்கினால் பேச்சும் சேர்ந்து வந்துவிடும் என்றார். அருகம்புல்லை அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிய நானாகச் சொல்லிக்கொண்டது.

"கம்பவுண்டர் சொன்ன அன்னிக்கே கூட்டியாந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் படத்தைக் கீழே வைத்தார். "கட்டி சின்னதா இருந்திருக்கும். கை இப்படி ஆகியிருக்காது" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். பிறகு ஒன்றரை மாதம் கோபால்ட் கதிர் வைத்தார்கள். முடி கொட்டியது. தோல் கறுத்தது. ஆபரேஷன் முடிந்த ஆறாவது நாள் கண் முழித்தபோதே என்னைப் பார்த்து "எம்மா" என்றாள். சொல் தவறவில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் அந்த ஆஸ்பத்திரித் தரையில் விழுந்து மாரியைக் கும்பிட்டேன். இது என்னவென்று காட்டு என்றேன், காட்டினாள். பிள்ளையைக் கொடு என்றேன், கொடுத்தாள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. அவள் என் பிள்ளை மேல் வந்ததே இல்லை. அன்று மத்தியானம் அரிவாளைத் தூக்கிய கையில் வந்தாள்.

சுப்பையா அண்ணனுக்கு என்ன கிடைத்தது? அடுத்த வருஷம் கரகத்தை வேறு ஆளிடம் கொடுத்தார்கள். கரகத்தைப் பாதியில் இறக்கியவன், காப்பறுத்தவன் என்று ஒதுக்கினார்கள். அந்த வருஷம் பனியில் கொழுந்து கருகியது, அதற்கும் அவர்தான் காரணமாம். இந்த மலரைப் படிக்கிறவர்களில் அவரை ஒதுக்கினவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறேன், உங்களுக்கு வெட்கமில்லை. அவர் என்னைப் பார்த்தால், "விடு பேச்சி, கழுத்து வலி மிச்சம்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று வருஷமாகிறது. முத்துலட்சுமி இருக்கிறாள். தினம் மாத்திரை சாப்பிடுகிறாள். வலது கை பாதிதான் கேட்கும், வலது காலும் இழுக்கும். கொழுந்து எடுக்க முடியாது, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விடுகிற பிள்ளை மடுவத்தில் தொட்டில் ஆட்டுகிறாள். பேச்சு மெதுவாக வரும். கட்டி மறுபடி வளரலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பெண் கேட்டு யாரும் வரவில்லை. வர மாட்டார்கள்.

போன ஆடியில் ஒருநாள் அவளுக்குத் தலை பின்னிவிடும்போது, தழும்பு கைக்குத் தட்டுப்பட்டது. பொறுக்க முடியாமல் அழுதுவிட்டேன். "என்னய மன்னிச்சுருடி" என்றேன். அவள் சொற்களைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள்.

"நீ... எல்லாத்தையும் ஆத்தாகிட்ட கேட்ட. எங்கிட்ட... ஒரு தடவ கேட்டியா?"

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள். பிறகு, "இறுக்கிப் பின்னாத" என்றாள்.

ஆகவே, என் கூடப் பிறந்தவர்களே, மாரியை நம்புங்கள். கூப்பிட்டால் வருவாள், எனக்கு வந்தாள். ஆனால் அவளைக் கூப்பிடும்போது ஊர் பார்க்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்காதீர்கள். வீட்டில் ஒரு பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால், எது வலிக்கிறது என்று அந்தப் பிள்ளையைக் கேளுங்கள். கம்பவுண்டர் கொடுக்கிற மாத்திரையைக் கொடுங்கள். அதற்கு மாரி கோபித்துக்கொள்ள மாட்டாள், நான் பொறுப்பு.

அவள் என் பிள்ளையின் உயிரைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது இன்னும் கிடைக்கவில்லை. அது அம்மன் எடுத்ததில்லை, நான் தொலைத்தது. இப்போதும் முத்துலட்சுமிக்குத் தலை வலித்தால் பக்கத்தில் இருக்கிற என்னிடம் சொல்ல மாட்டாள். எழுந்து, காலை இழுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு நடந்துபோய்க் கம்பவுண்டரிடம்தான் சொல்லுகிறாள்.